இருப்புப் பதிவேடு

புதுவயல் நடுநிலைப் பள்ளியில்
நான் பொறுப்பேற்றபோது கையில் தந்தவை:
பச்சை பீரோ ஒன்று,
சாவி இரண்டு, அதில் ஒன்று சேராது,
நூல்கள் இருநூற்றுப் பதினான்கு.
சேதம் இல்லை.
தொலைந்தவை இல்லை.
பதினோரு வருடம் இல்லை, இல்லை என்று
ஒரே கையெழுத்து.

திறந்ததும் அந்துருண்டை நெடி.
ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும்
கண்டனூர் மெ.சுப. குடும்பத்தார் உபயம் என்று
ஊதா முத்திரை.
முத்திரை குத்தியவர்தான்
கடைசியாகப் பிரித்தவராய் இருக்கவேண்டும்.

முதல் மாதம் நான் செய்த தப்பையும்
இதிலேயே எழுதி வைக்கிறேன்.
ஆளுக்கொன்று கொடுத்தேன்.
திங்கட்கிழமை பத்து வரியில் சுருக்கம் கேட்டேன்,
கூடவே, இதனால் நாம் அறியும் நீதி.
முப்பத்தோரு பேரும் எழுதினார்கள்:
ஒற்றுமையே பலம்.

சேவுகனுக்குக் கொடுத்தது
நத்தைகளைப் பற்றிய புத்தகம்.

அடிக்கக் கை வரவில்லை.
பி.எட். படிப்பை நானும்
பின்னட்டைகளை வைத்துத்தான் முடித்தேன்.

பிறகு ஒரு வெள்ளி, கடைசி பீரியட்.
கரண்ட் இல்லை. ஆலைப் புகைபோக்கிப் பக்கமிருந்து
புழுங்கல் வாசனை ஜன்னல் வழியே.
கத்தித் தொண்டை போனதால்
கணக்கு போடச் சொல்லிவிட்டு
கைக்கு வந்ததை எடுத்து உட்கார்ந்தேன்.
ஏதோ பேய்க்கதை. மட்டமான அச்சு.
பேய்க்குப் பல்வலி வந்த இடத்தில்
என்னை மீறிச் சிரித்துவிட்டேன்.

"என்ன டீச்சர்?"
"ஒண்ணுமில்ல. நீ உன் வேலையப் பாரு."

அந்த ஒண்ணுமில்ல செய்ததை
என் ஐந்து பயிற்சி முகாம்களும் செய்யவில்லை.
மேசையைச் சுற்றி மெல்ல மெல்ல
எண்ணெய் வைத்த தலைகள்.
மணி அடித்தது.
பேயை வலியோடு விட்டுவிட்டு
புத்தகத்தை மேசைமேல் மறந்துபோனேன்.
வேண்டுமென்றேதான் மறந்தேன்.

திங்கட்கிழமை அது அங்கே இல்லை.

"பாதியில விட்டா திட்டுவீங்களா?"
மாட்டேன்.
"கடைசிப் பக்கத்த மொதல்ல படிக்கலாமா?"
படி.
"கேள்வி கேப்பீங்களா?"
இந்த ஒன்றுக்குத்தான்
நாக்கைக் கடித்துக்கொண்டு
மாட்டேன் என்றேன்.

காளீஸ்வரி பேயை ஏழு தரம் படித்தாள்.
மைதானத்தில் அவள் சொல்லும்போது
பேய் எங்கள் ஊர் அரிசி ஆலையில்
நைட் ஷிப்ட் பார்க்கிறது,
மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொள்கிறான்.
புத்தகத்தில் அப்படி இல்லையே என்று
வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

ரஹ்மத்துல்லா படங்களோடு சரி.
பம்புசெட் படத்தில் போல்ட் ஒன்று குறைகிறது என்று
பென்சிலால் வரைந்து சேர்த்திருக்கிறான்.

மழை பெய்த மறுநாள் சேவுகனின் டிபன் பாக்ஸில்
நத்தை.
"இதுக்குப் பல்லு ஆயிரக்கணக்குல இருக்கு டீச்சர்,
நாக்குல இருக்கு."
எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது.

அடைக்கலம் மட்டும் இன்றுவரை படிக்கவில்லை.
விடிகாலை களத்தில் அம்மாவோடு நெல் துழாவிவிட்டு வருபவன்
புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துத் தூங்குகிறான்.
பெரிய அளவுப் புத்தகமாய்ப் பார்த்து
எடுத்துக் கொடுக்கிறேன்.

தணிக்கைக்கு வந்தவர்
விரலில் எச்சில் தொட்டு எண்ணினார்.
சேதம் நாற்பத்தாறு:
சாம்பார், தவிட்டுத் தூசி,
ஒரு பக்கத்தின் குறுக்கே
காய்ந்து பளபளக்கும் நத்தைத் தடம்.
தொலைந்தவை ஒன்பது.
"யாரு பொறுப்பு?"
"நான்தான் சார்."
அறுநூற்றுப் பதினைந்து ரூபாய் கட்டி
ரசீது வாங்கி இதில் ஒட்டினேன்.

சாயங்காலம் காரைக்குடி பஸ்ஸுக்கு நின்றேன்.
எதிரே எடைமேடை நிழலில்
தலைத்துண்டில் உமி ஒட்டிய ஒருவர்
மூட்டைமேல் சாய்ந்து, வரிக்கு வரி விரல் நகர்த்தி,
ஊதா முத்திரை தெரிய
எதையோ படித்துக்கொண்டிருந்தார்.
யாருடைய அப்பாவோ, தெரியவில்லை.
விரல் ஓரிடத்தில் நின்றது.
தோள் குலுங்கியது.

பல்வலியா என்று கேட்கத் துடித்தேன்.
பஸ் வந்துவிட்டது.

ஒன்பதை அடித்து
எட்டு என்று திருத்தவில்லை.