பத்து எழுத்து

ஜன்பத் ஆவணக் காப்பகத்தில்
மைக்ரோஃபிலிம் அறை, நான்காம் எண் கருவி.
கைப்பிடியைச் சுற்றினால்
அமெரிக்க அதிபர் ஒருவரின் பதவிக்காலம்
இடமிருந்து வலமாக ஓடுகிறது.
பேராசிரியர் விர்மானி
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் தருகிறார்:
தேதி, அனுப்பியவர், பெறுபவர், பொருள்.
மை பூசி மறைத்த பக்கம் என்றால் பாதி.
படிக்க ஒன்றுமில்லையே என்பது அவர் கணக்கு.
மறைத்ததைத்தான் நெடுநேரம் பார்க்கவேண்டியிருக்கிறது
என்பது என் கணக்கு. சொல்லவில்லை.

பெட்டி நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு செனட்டரின் ஊருக்கு அணை,
இன்னொருவரின் மருமகனுக்கு நீதிபதி நாற்காலி,
அதே தாளின் அடியில்
இந்தியாவுக்கு இரண்டு மாதக் கோதுமை.
ஒரே தட்டச்சு, ஒரே இடைவெளி.
ஓரத்தில் பென்சிலில்:
காத்திருக்கட்டும்.
அதிபரின் கையா, உதவியாளரின் கையா, தெரியாது.
கடைசி எழுத்தில் முனை உடைந்திருக்கிறது.

அந்த வாரம் இங்கே என்ன நடந்தது என்று
நம் கோப்பைக் கேட்டுச் சீட்டு எழுதினேன்.
மூன்றாம் நாள் லேக்ராஜ் திருப்பிக் கொண்டுவந்தார்.
சிவப்பில் இரண்டே எழுத்து, என்.டி.
அமைச்சகம் இன்னும் ஒப்படைக்கவில்லையாம்.
"அறுபது வருஷமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள் மூட்டையை"
என்று சிரித்தார்.
ஆக, நம் அமைச்சர் ஒரு விருந்தில்
எத்தனை முறை கடிகாரம் பார்த்தார் என்பதைக்கூட
கடல் தாண்டி எழுதிய தாளில்தான்
நான் படிக்கவேண்டியிருக்கிறது.

புது தில்லியிலிருந்து தந்தி,
இரவு பதினொன்று நாற்பது.
வேளாண் அமைச்சகத்தின் கீழ்நிலை அதிகாரி, மதராஸி,
இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு தாராளமாகப் பேசினார்.
கிடங்குகளில் பத்தொன்பது நாள் இருப்பு மட்டுமே என்கிறார்.
பெயர்,
அதன் பிறகு ஒரு கறுப்புச் செவ்வகம்.

பத்தொன்பது நாள்.
அடுத்தவன் பானையில் எத்தனை பிடி என்று தெரிந்தவனுக்கு
அவசரம் என்ன?

தட்டச்சில் ஒரு சௌகரியம் உண்டு,
ஐயும் எம்மும் ஒரே அகலம்.
மேல்வரியை அளந்து
திரைமேல் ஸ்கேலை வைத்தேன்.
பத்து எழுத்து.

சபாபதி, எச் இரண்டு போட்டால் பத்து.
அரவாமுதன் பத்து.
ஏகாம்பரம் ஒன்று குறைகிறார்.
தண்டபாணியும் ஒன்பதுதான்;
முதலெழுத்தை அடுத்து ஓர் எச் நுழைத்தால் பத்து.

அப்பா பணிப்பதிவேட்டில் எச் இல்லாமல்தான் எழுதினார்.
லோதி காலனி வீட்டுக் கதவில் எச் இருந்தது.
பெயின்டரின் தப்பு.
அழிக்க ஒன்றேகால் ரூபாய் கேட்டானாம், விட்டுவிட்டார்.

அப்பா குடித்து நான் பார்த்ததில்லை.
பார்க்காததெல்லாம் நடக்காதது என்று
இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு சொல்லமுடியாது.
பேசுவார், அது தெரியும்.
பஸ் நிறுத்தத்தில், பால் பூத்தில்,
தெரியாதவரிடம் தெரிந்ததையெல்லாம்.
எண்கள் என்றால் கூடுதல் பிரியம்:
எந்தத் துறைமுகம், எத்தனை டன்,
மழையில் எத்தனை மூட்டை முளைவிட்டது.
அம்மா பின்னாலிருந்து சட்டையை இழுப்பாள்.

ஸ்கேலைப் பையில் போட்டேன்.
எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தேன்.
கறுப்பின் வலது விளிம்பில், மை தீராத இடத்தில்,
கீழ்நோக்கி ஒரு சிறு வால்.
ஒய்யின் காலாக இருக்கலாம்.
ஃபிலிமில் படிந்த தூசியாகவும் இருக்கலாம்.
ஒய் என்றால் சபாபதி.
யார் வீட்டுச் சபாபதியோ, அவருக்கும்
கணக்குப் பார்க்க ஒருத்தி எங்கேனும் இருப்பாள்.
தூசி என்றால்
துணியால் துடைக்க எனக்கு அனுமதியில்லை.

ஐந்து மணி. லேக்ராஜ் விளக்குகளை
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்.
அட்டவணையில் எழுதினேன்:
தந்தி, ஒரு பக்கம். அதிகாரி, பெயர் மறைக்கப்பட்டது.
பொருள், கோதுமை இருப்பு.
ஆறு ரூபாய்.

கேன்டீனில் கடைசி பிரெட் பகோடா ஆறிக் கிடந்தது.
வாங்கிப் பிரிக்காமலே
பஸ்ஸுக்கு நின்றேன்.
பக்கத்தில் நின்றவர் மணி என்ன என்றுதான் கேட்டார்.
என்ன வேலை, எந்தப் பெட்டி, எத்தனை எழுத்து,
எல்லாவற்றையும்
அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.