குறைவது இருநூற்றைம்பது

ஷார்ஜா ரோலாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில்
எங்கள் டைப்பிங் சென்டர்.
குடும்ப விசா எழுத வருகிறவர்கள்
முதலில் ஏசிக்கு நேரே போய் நிற்பார்கள்.
பிறகுதான் சட்டைக்குள்ளிருந்து எடுப்பார்கள்
சம்பளச் சான்றிதழை,
வியர்வை படாத பிளாஸ்டிக் உறையில்.

வேலுமயில் வருவது இது மூன்றாம் தடவை.
கேட்கிற தொகைக்கு
இன்னும் இருநூற்றைம்பது திர்ஹம் குறைகிறது.
"ஓவர்டைம் சேராதாம்மா?"
சேராது.
"மெஸ்ஸுக்குப் பிடிக்கிறாங்களே, அது?"
அது பிடிப்பதுதானே அண்ணே, கொடுப்பதில்லையே.

குழந்தையின் வயது என்று ஒரு கட்டம்.
போன தடவை ஒன்றரை அடித்தேன்.
இப்போது இரண்டேகால்.
நான் திருத்துவதைப் பார்த்துச் சிரித்தார்:
"அதுக்கு மட்டும் இன்கிரிமென்ட் தவறாம வருது."

பதினொன்றரைக்கு எனக்கு அரை மணி.
பால் கொடுக்கிற தாய்க்குச் சட்டம் தந்தது.
முதலாளி சட்டத்தை மதிக்கிறவர்,
கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைப்பார்.
என் மகன் அல் நஹ்தாவில்,
ஒரு சேச்சியின் ஹாலில்,
ஒன்பது பிள்ளைகளில் ஒருவனாக.
வாசலில் பெயர்ப்பலகை கிடையாது.
போக மட்டுமே இருபது நிமிடம்,
சிக்னல் விழுந்தால் முப்பது.

ஆகவே ஸ்டோர் ரூம்.
ஏ4 பேப்பர் கட்டுகள்மேல் உட்கார்ந்து
பம்ப்பைப் பொருத்துகிறேன்.
எடுத்த பாட்டிலில் நேரம் எழுதி
முதலாளியின் லபன் டப்பாவுக்குப் பின்னால் வைக்க வேண்டும்;
என்றைக்காவது டீயில் ஊற்றிவிடுவார்கள்
என்று ஒரு பயம்.
போனில் மகன் படத்தைப் பார்த்தும்
இன்று இறங்கவில்லை.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
வேலுமயில் வீடியோ காலில்.
அந்தப் பிள்ளை போனைத்தான் அப்பா என்கிறதாம்;
சார்ஜரில் போட்டால்
"அப்பா சாப்புடுது" என்று எல்லோரிடமும் சொல்கிறதாம்.
யாரோ போனைப் பிடுங்கியிருக்க வேண்டும்.
விளாத்திகுளத்திலிருந்து ஒரு வீறல்
ஸ்பீக்கரில் உடைந்து வந்தது.

எனக்குப் பால் பெருகியது.
யாருடைய பிள்ளை என்று அது கேட்கவில்லை.
எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை.
துப்பட்டா நனைந்தது,
ஒரு கட்டுப் பேப்பரும்.

திரும்பி வந்தபோது காத்திருந்தார்.
"ஜனவரியில இருநூறு கூட்டுறதாச் சொல்றாங்கம்மா."
அப்போதும் ஐம்பது குறையும்.
சொல்லவில்லை.
விண்ணப்பத்தைச் சேமித்து வைத்தேன்,
வயதுக் கட்டத்தை மட்டும்
காலியாக்கி.