கழித்தல் ஒன்று

கொழிஞ்சாம்பாறை பால் சங்கத்தில்
காலை ஏழரைக்கு மாராத்தாள் இல்லாமல் போனாள்.
எதிரில்தான் நிற்கிறாள்.
தூக்குப்போசி மூடி சன்னல் கம்பியில் இடிக்கிறது.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று என்று
கருவிகூடச் சொல்லிவிட்டது.
கணினி மட்டும்
−1 என்கிறது.

இல்லை என்பதை அது அப்படித்தான் சொல்லும்,
கழித்தல் ஒன்று என்று.
பூஜ்ஜியம் வந்தால் இருக்கிறாள்,
முதல் எழுத்திலேயே இருக்கிறாள்.
செயலாளர் ப்ரசன்னனுக்கு மூன்று முறை சொல்லியாயிற்று.
"பூஜ்யம்னா காசில்லைன்னுதானே?"
மூன்று முறையும்.

எனக்கு முன்னால் இருந்த சுனிலா
பெரிய எழுத்துப் பூட்டை எடுத்ததே இல்லை.
அவள் பதிவில் ஊரே கத்திக்கொண்டிருக்கும்.
அவள் பிரசவத்துக்குப் போனபோது வந்த பையன்
எல்லாரையும் சின்ன எழுத்தில் முணுமுணுக்க வைத்தான்.
நான்
தலையெழுத்தை மட்டும் பெரிதாக்குகிறவன்.
அப்படித்தான் தேடினேன்.
அப்படி ஒருத்தி இல்லை.
இன்றைய பாலை நான் பதிந்திருந்தால்
மூன்றாவது மாராத்தாள் பிறந்திருப்பாள்.

"எம்பேர்ல பெருசேது, சிறுசேது சாமி?"

சரிதான்.
தமிழில் இல்லை, மலையாளத்திலும் இல்லை.
வேலந்தாவளம் சாவடிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும்
யார் வீட்டிலும் இல்லாத வேற்றுமையை
இரண்டு பேரும் சேர்ந்து இறக்குமதி செய்து
ஒரு மாட்டுக்காரி பெயரில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

சின்ன ர, பெரிய ற என்று படித்ததெல்லாம் வேறு.
அரமும் அறமும் ஒன்று என்னும் நிரலை
எழுதச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன்.

இதற்கு ஒரு வரி போதும்:
தேடும் முன் இரண்டு பக்கத்தையும் சிறிதாக்கு.
பதிவைத் தொடாதே.
பார்க்கிற நேரத்துக்கு மட்டும்
எல்லாரும் கொஞ்சம் குனியட்டும்.

சோதிக்க 'பால்' என்று அடித்தேன்.
கோபாலன் வந்தார்.
பாலக்காடு மொத்தமும் வந்தது.
தனபாலின் செத்த எருமைக்கு வராத காப்பீடு வந்தது.
ராஜபாளையத்துப் பருத்திக்கொட்டை
நாற்பது மூட்டை வந்தது.
கண்ணை அத்தனை அகலத் திறந்தால்
வராமல் என்ன செய்யும்?

பிறகு அவள் பெயர்.

0.
சுனிலாவின் கத்தலில், வரியின் வாசலிலேயே.
அடுத்து
18.
பையன் புருஷன் பெயரை முன்னால் போட்டிருக்கிறான்.
குப்பாண்டன், ஓர் இடைவெளி, மனைவி, இன்னோர் இடைவெளி.
பதினெட்டு எழுத்துக்கு அப்புறம்
கைகட்டி நிற்கிறாள் அவள்.

இரண்டையும் கூட்டினால்
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
ப்ரசன்னன் திரையை எட்டிப் பார்த்து
"பூஜ்யம்!" என்றார்.
நான்காவது முறை நான் சொல்லவில்லை.

ரசீதைத் தள்ளினேன்.
பேனாவை உளிபோல் பிடித்துக்கொண்டு
தமிழில் போட்டாள்:
மாராத்தா.

ள் இல்லை.

ப்ரசன்னன் கண்ணாடியை மேலே ஏற்றினார்.
நான் மைப்பெட்டியைத் திறந்து
பொருந்துகிறது என்ற முத்திரையைக்
குத்தினேன்.