ஏழு பெக்கட்

அப்புத்தளையில் மூன்று மணிக்கே
மூடுபனி உள்ளே வந்து குந்திவிடும்.
யன்னலைச் சாத்திவிட்டுத்தான்
மெஷின் மூடியை அமுக்குவேன்.

பம்பு முனகும்.
பை சுருங்கிச் சுருங்கி
செங்கல்லாகும்.
ஒட்டுப்பட்டையில் விரல் படக்கூடாது.
போன ஐப்பசியில் பட்டது,
இன்னும் ரேகை வரவில்லை.

நேற்றுக் கட்டியதில் ஏழு
காலையில் தொளதொளத்துக் கிடந்தன.
முதலாளி மெஷினைத் திட்டினார்.
யோகமலர் கரண்டைத் திட்டினாள்.
நான் பிளக்கைப் பிடுங்கினேன்.
பட்டை ஆறட்டும் என்று
ஒரு பிளேன்டீ, கருப்பட்டிக் கடியோடு.

பிறகு டெப்லான் நாடாவைத் தடவினால்
நடுவில் கருகி ஒட்டியிருந்தது
மயிரளவு தேயிலைக் காம்பு.
பின்பக்கக் கண்ணாடியில்
எண்ணெய் பாலாய் வெளுத்திருந்தது.
இத்தனை நாளும் பனியைக் குடித்திருக்கிறது,
வாயில்லாத சீவன்.

வடித்தேன். புதிது ஊற்றினேன்,
கோட்டுக்கு மேலே போகாமல்.
நாடாவையும் மாற்றி
ஏழையும் திரும்பக் கட்டினேன்.

ஓமானில் எவளோ கத்தரி வைக்கையில்
உஸ்ஸென்று கேட்கும்.
அது அவள் வீட்டுக் காற்று.
எங்களுடையதை
நான் ஒரு மிடறும் அனுப்பவில்லை.