மூலத்துக்கு உண்மையாக

மிஷன் வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்,
முத்திரைக்குத் தனியாக நூறு.
பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு இறங்கி வருகிறவர்கள்
பெரும்பாலும் இறந்துபோனவர்கள்.

மதலேன் அம்மாள் உயிரோடு வந்தார்,
தன் பிறப்பைத் துணிப்பையில் மடித்துக்கொண்டு.
ஜிப்மர் சலவைப் பிரிவில்
இருபத்தாறு வருஷம் ரத்தக்கறை பார்த்தவர்.
தூக்கணாம்பாக்கத்தில் முப்பது குழி நிலம்,
மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்கு.
"புதன்கிழமை வாசிப்பாங்களாம், தமிழ்ல வேணுமாம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று.
குமாஸ்தாவின் எழுத்து
மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்போல ஒரே பக்கம் சாய்கிறது.
இன்ன தேதித் தீர்ப்பின் 'வெர்த்யு'வால்
ரொசாலி என்பவளின் 'நத்யுரெல்' மகள்.

அகராதியில் வெர்த்யு என்றால் அறம்.
ஆணுக்கென்றால் வீரம்.
பெண்ணுக்கென்றால் கற்பு.
பச்சிலைக்கென்றால் நோய் தீர்க்கும் குணம்.
பச்சிலைக்குத்தான் நல்ல பொருள் வாய்த்திருக்கிறது;
அதன் நடத்தையை யாரும் விசாரிப்பதில்லை,
கசக்கி முகர்ந்தால் போதும்.
பத்திரத்துக்கு இது எதுவுமே வேண்டாம்.
'தீர்ப்பின் வலுவில்' என்று எழுதிவிட்டேன்.
அரசாங்கத் தாளில் அறம்
வெறும் வேற்றுமை உருபு.

அடுத்த சொல்லில் பேனா நின்றது.
நத்யுரெல்: சட்டத்தில் அதற்கு
'முறைதவறிப் பிறந்த' என்று பொருள்.
தொழிலில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம்.
பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு
டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
அன்று நின்றதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை:
அந்தப் 'பிறந்த'வர் எதிரே உட்கார்ந்து
மின்விசிறிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

முறை என்றால் நீதி. முறை என்றால் உறவு.
ரேஷன் கடையில் நிற்பவர்களுக்கு
வந்து சேரவேண்டிய வரிசையும் முறைதான்.
தொப்புள்கொடி காயாத பிள்ளை
இதில் எதைத் தவறவிட்டது?
தவறியவன் பெயர் வரவேண்டிய இடத்தில்
குமாஸ்தா ஒரு கோடு இழுத்திருந்தார்.
அந்தப் பக்கத்தில் நேராக இருந்தது
அது ஒன்றுதான்.

மாற்றினால் பொய்.
மாற்றாவிட்டால் வசவு,
அதுவும் என் கையெழுத்தில், என் முத்திரையோடு.
'இயற்கை மகள்' என்று எழுதினேன்,
சொல்லுக்குச் சொல்,
பரீட்சையில் திணறும் பையன் எழுதுவதுபோல.
கீழே அடிக்குறிப்பு:
'தந்தையின் பெயர் பதியப்படவில்லை என்பது சட்டப்பொருள்.'

வாசித்துக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றினார்.
"இயற்கை மகளா?
அப்ப என் மாமன் பசங்கல்லாம் செயற்கையா?"
சிரிப்பு இருமலாகி
கீழே ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தோடு கலந்தது.
பிறகு, தண்ணீர் குடித்துவிட்டு,
"என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்.
ஒண்ணாம் வகுப்பிலயே
எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டிட்டாங்க."

ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
என்னிடம் இருநூறுதான் இருந்தது.
"நாணயமாத்தான் தெரியுறீங்க,
ஐம்பதை அப்புறம் வாங்கிக்கிறேன்."
சில்லறைக்கும் நேர்மைக்கும்
ஒரே சொல்லை வைத்தவன்
என் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்திருக்கமாட்டான்.

ஒரு மாதம் கழித்துப் பாக்கிக்கு வந்தார்,
கையில் கோர்ட்டு நகல்.
வழக்கு தள்ளிப்போயிருக்கிறது.
தட்டச்சு செய்தவர் அடிக்குறிப்பை விட்டுவிட்டார்;
'இயற்க்கை மகள்' என்று
ஒரு க் கூடுதலாக அடித்திருந்தார்.

பிழை, அம்மா, மனு போட்டுத் திருத்தலாம் என்றேன்.
அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துப்
புள்ளியைத் தடவிப் பார்த்தார்.
"இருக்கட்டும்," என்றார்.
"கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருக்கு."