முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பதினோரு நாளாக அவன் பனியில் நிற்கிறான்.
கோட்டைக் கதவில் ஒரு கை,
மற்றதில் அணையப்போகும் பந்தம்.
கடைசி வரியில்
பின்னால் எங்கோ சிறகடிக்கும் சத்தம்.
திருப்பியிருப்பேன்.
அப்போதுதான் சின்னவன் வாந்தியெடுத்தான்.

பிறப்புச் சான்றிதழில் ருத்விக், வீட்டில் சுடலை.
இரண்டு வயதுக்கு இரண்டு பெயர்.
முதல் நாள் வாந்தி, மறுநாள் வயிற்றுப்போக்கு,
மூன்றாம் நாள் அக்காளுக்கும்.
புளியரையில் ஆனி மாதம் எதுவும் காயாது.
கணவாய் வழியே சாரல் படுக்கைவாட்டில் வரும்.
வீட்டுக்குள் கட்டிய கயிற்றில்
பதினாலு ஜட்டிகள்,
தோற்ற படையின் கொடிகள்போல.

மூன்றாம் பாகம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.
தென்காசியில் பழைய புத்தகக் கடை, அட்டை கிடையாது,
நூற்றிருபது ரூபாய்.
முதல் இரண்டில் யார் யாரை வெட்டினார்கள்,
யாருக்கு யார்மேல் தீராத கோபம்,
எல்லாம் நானாக யூகித்துக்கொண்டேன்.
மருமகளாகப் போனவளுக்கு
இது ஒன்றும் பெரிய வேலையில்லை.

வேலை எனக்கும் எல்லையில்தான்.
கேரளத்திலிருந்து திரும்பும் கோழி வண்டிகளின்
சக்கரத்துக்கு மருந்தடிக்கிறேன். ஒப்பந்தக் கூலி.
முதுகில் டப்பா, கையில் குழல், மூக்கில் துணி.
எங்கேருந்து?
கொல்லம்.
உள்ள என்ன?
காலியாணு சேச்சி.
கூண்டுக் கம்பிகளில் வெள்ளை இறகு ஒட்டியிருக்கும்.
கையைக் காட்டி அனுப்பிவிடுவேன்.
இதே மூன்று கேள்வியைப் புத்தகத்தில் ஒரு காவலன் கேட்டால்
எனக்கு முதுகு சில்லிடுகிறது.

டிராகன் வந்தா மருந்தடிப்பியாம்மா, என்றாள் நிலானி.
பறவையா ஊர்வனவான்னு முதல்ல பாக்கணும்.
டாக்டர் வர்ற வரைக்கும்
ஓரமா நிக்கச் சொல்லணும்.
தலையாட்டினாள்,
நியாயம்தான் என்பதுபோல.

அவர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போவார்.
பின்னாலிருந்து பார்த்தால் அது
மஞ்சள் மயிர் அடர்ந்த மிருகம்,
இரண்டு சிவப்புக் கண்ணைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு
எஸ் வளைவில் மூடுபனிக்குள் ஏறும்.
அதன் தலைக்குள் உட்கார்ந்து
என் புருஷன் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார்.
பதினொன்றரைக்கு போன் வரும்.
ஆரியங்காவு தாண்டிட்டேன்.
சரி.
பிள்ளைக?
தூங்குது.
நீ என்ன பண்ற?
துணி மடிக்கேன், என்பேன்
மடியில் புத்தகத்தோடு,
கள்ளக்காதலி மாதிரி.

நேற்று நிலானி கேட்டாள்:
அந்த மாமா இன்னும் அங்கயேவா நிக்காரு?
ஆமா.
சாப்ட்டாரா?
பனியில என்னத்தக் கிடைக்கும்?
ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

இன்று இரண்டும் உறங்கிய பிறகு பார்த்தேன்.
அலமாரி மேலிருந்த புத்தகத்துக்கு
சுவர் வழியாக ஒரு எறும்புப் படை
வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தது.
முக்காலி போட்டு ஏறியிருக்கிறாள்.
திறந்தால், கோட்டைக் கதவருகே
அப்பா புனலூரில் வாங்கிவந்த சர்க்கரை உப்பேரி,
இரண்டு துண்டு.
ஒன்றில் பல் தடம். மிகச் சிறிய பல்.
தம்பியும் உடந்தை.

எறும்புகளை ஊதித் தள்ளினேன்.
எண்ணெய் ஊறி அந்த இடத்தில்
தாள் கண்ணாடியாகியிருந்தது.
பின்பக்கத்து எழுத்துகள் இடம்வலம் மாறி
அவன் கைக்கும் கதவுக்கும் நடுவே மிதந்தன.
ஒரே ஒரு சொல் பிடிபட்டது.
உள்ளே என்றும் படிக்கலாம்,
இல்லை என்றும் படிக்கலாம்.

பக்க ஓரத்தில் விரலை வைத்தேன்.
அடுத்த அறையில் சின்னவன் முனகினான்.
கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், அவன் பொறுக்கவில்லை.

பல் தடம் பட்டதை நான் தின்றேன்.
மற்றதை அவனுக்கே விட்டுவிட்டு
விளக்கை அணைக்காமல் எழுந்து போனேன்.