இரவு பதினொன்று வரை

மாலை ஷிப்ட் முடிந்து
கையுறைப் பவுடர் விரலிடுக்கில் இன்னும் ஒட்டியிருக்க
ரோட்டைக் கடக்கிறேன்.
வங்காள எழுத்தில் பெயர் போட்ட மெஸ்ஸில்
கடுகெண்ணெய் கருகுகிறது.
மே மாதம். ராத்திரி ஒன்பதுக்கும்
தார் பகலை விட்டுக்கொடுக்கவில்லை.

லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் தில்ஷாத் சொன்னாள்:
கோட்டைக்குள்ள மியூசியம்
இந்த வாரம் பதினொண்ணு வரைக்குமாம்,
டிக்கெட் அஞ்சு ரூபா, ஃபேன் இருக்கு.
ஃபேன் என்ற ஒரு சொல்லுக்காகப் போனேன்.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைப் பழிக்க ஒரு பட்டியல் உண்டு.
தூக்கமில்லாத ஜனம் என்பதை
அதில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.
அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

தோல் கம்பெனி வாடை போக
இரண்டு தரம் சோப்புப் போட்டுவந்த பையன்கள்,
பாடம் செய்த முதலையின் வாய்க்குள்
செல்ஃபி எடுக்கும் காலேஜ் பெண்கள்,
மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்த
அஸ்ஸாம்காரர்கள், ஜார்க்கண்ட்காரர்கள்.
வெண்கல அம்மன் எதிரே ஒருவர்
பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.
யாரும் எழுப்பவில்லை.

கடைசி அறையில் நடுகற்கள்.
வில்லோடு ஒருவன்; விலாவில் இரண்டு அம்பு.
அட்டையைப் படிக்கிறேன்:
இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு,
இன்ன ஊர், இன்னார் மகன் பொற்சேந்தன்,
தொறு மீட்டுப் பட்டான்.
அட, கேஸ் ஷீட்.
தினமும் இருபது எழுதுகிறேன்,
இவ்வளவு சுருக்கமாக எழுத வந்ததில்லை.

பக்கத்தில் பிமல் மைதி நிற்கிறார், மேதினிபூர்.
அவர் மனைவிக்கு மூன்றாம் நம்பர் மெஷின்;
ஊசி இறக்கும் கை என்னுடையது.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
மூன்று மாதத்தில் அவர் கற்ற தமிழ்:
தண்ணி, ரத்தம், பில், நாளைக்கு.
கல்லைக் காட்டி, யார் என்கிறார்.
பட்டான் என்பதற்கு எனக்கு வந்த இந்தி
விழுந்துட்டான் என்பது மட்டும்.
மாட்டுக்காக, என்றேன்.

மகள் மிஷ்டு, ஏழு வயது இருக்கும்,
அவனை விட்டுவிட்டாள்.
மாடெல்லாம் வீட்டுக்கு வந்துச்சா?

இதற்கு அட்டையில் ஏதாவது இருக்கிறதா என்று
குனிந்தபோது கரண்ட் போனது.

ஃபேன்கள் மூச்சு விட்டு நின்றன.
ஒரு குழந்தை கத்தியது, யாரோ சிரித்தார்கள்,
பிறகு ஒவ்வொன்றாக
ஐம்பது அறுபது போன் வெளிச்சம்.
மிஷ்டுவின் அப்பா போனைக் கீழே, பக்கவாட்டில் பிடிக்க
கல் திடீரென்று ஆழமாயிற்று.
டியூப்லைட்டில் வெறும் சொரசொரப்பாய்க் கிடந்த இடத்தில்
ஒரு திமில், ஒரு கொம்பு;
அதன் பின்னால், தலையைத் தாழ்த்திக்கொண்டு
இன்னொன்று.

காவலர் ஏகாம்பரம் டார்ச்சோடு ஓடிவந்தார்
தொடாதீங்க தொடாதீங்க என்றபடி.
வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.
பத்து வருஷமா இங்கதான் நிக்கறேன்,
ரெண்டாவது மாட்ட இப்பத்தான் பாக்கறேன்.
அட்டைல ஒண்ணுன்னுல்ல போட்டிருக்கு!
தில்ஷாத் சொன்னாள்: மாத்தி எழுதச் சொல்லுங்க.
யாருகிட்டம்மா சொல்றது, என்றார் அவர்,
ஆனாலும் உள்ளங்கையில் பேனாவால்
2 என்று எழுதிக்கொண்டார்.

கரண்ட் வந்தது. எல்லோரும் ஹோ என்றார்கள்.
வெள்ளை வெளிச்சத்தில் மாடுகள் மறுபடி
கல்லுக்குள் போய்விட்டன.
மிஷ்டு மட்டும் இரண்டு விரலை
நீட்டியபடியே இருந்தாள்,
மடக்கினால் போய்விடும் போல.

வெளியே அகழி. தவளைச் சத்தம்,
எங்கிருந்தோ பிரியாணி வாசம்,
காற்று என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று.
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
பிமல் என்னைப் பார்த்தார்.
நாளைக்கு, என்றார்.
நாளைக்கு, என்றேன்.
காலை ஆறு மணி.